எத்தனை, எப்படி, எப்போது: சாவோ பாவுலோவில் விலை கேட்கும் முறை

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஜோடி தோல் செருப்பு. விலைச்சீட்டில் கொட்டை எழுத்தில் 19,90, ரெயால் என்னும் பிரேசில் நாணயத்தில். இருபது ரெயாலுக்குத் தோல் செருப்பா என்று கல்லாவுக்கு எடுத்துப் போனால் 199 கேட்பார்கள். யாரும் ஏமாற்றவில்லை. 19,90-க்கு முன்னால் பொடி எழுத்தில் 10 என்ற எண்ணும் ஒரு பெருக்கல் குறியும் இருந்திருக்கும். பத்து மாதத் தவணையில் ஒரு மாதத்துக்குரிய தொகைதான் அந்த 19,90. பிரேசிலில் குளிர்பெட்டி முதல் சட்டை வரை தவணையில் வாங்குவது அன்றாட வழக்கம். அதனால் தவணைத் தொகை பெரிதாகவும் முழு விலை சிறிதாகவும் அச்சாகிறது. 'செங் ஜூருஸ்' என்றால் வட்டியில்லாத் தவணை. 'கோங் ஜூருஸ்' என்றால் வட்டியோடு. வெளிநாட்டு அட்டைக்கு இந்தத் தவணை வசதி பெரும்பாலும் கிடைக்காது. சீட்டில் நீங்கள் தேட வேண்டிய சொல் 'ஆ விஸ்டா'. ஒரே தடவையில் கட்டும் முழுத் தொகை அது.

இந்த நகரத்தில் ஒரு பொருளுக்கு ஒரே விலை என்று கிடையாது. எப்படிக் கட்டுகிறீர்கள், எத்தனை எடுக்கிறீர்கள், எந்த நேரத்தில் வருகிறீர்கள் என்ற மூன்றையும் வைத்து விலை மாறும். பேரம் பேசுவதில் கெட்டிக்காரராக இருப்பதைவிட இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்திருப்பதுதான் இங்கே காசை மிச்சப்படுத்தும்.

முதலில் எண்ணைப் படிக்கப் பழக வேண்டும். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பார்கள். நாம் காற்புள்ளி வைக்கும் இடத்தில் புள்ளி. 1.299,90 என்றால் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரெயால் 90 சென்டாவு. ஒன்றேகால் ரெயால் என்று மனம் முதலில் படித்துவிடும், இரண்டு நாளில் பழகிவிடும். விலைக்கு முன்னால் 'அ பார்ச்சீர் ஜி' என்றிருந்தால் அது தொடக்க விலை. உங்கள் கையில் இருக்கும் பொருளின் விலை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். 'லெவி 3 பாகி 2' என்றால் மூன்று எடுத்தால் இரண்டுக்குக் காசு. 'காடா' என்றால் ஒவ்வொன்றும். எழுத்தில் ரெயால் என்றிருப்பதை வாயால் 'ஹெயாவ்' என்பார்கள், பன்மையில் 'ஹெயாய்ஸ்'. சொல்லின் முதலில் வரும் ரகரம் அங்கே ஹகரமாக ஒலிக்கும். தெரு என்ற பொருள்தரும் 'ருவா'வைக்கூட 'ஹுவா' என்றால்தான் வழி சொல்வார்கள்.

கல்லாவில் என்ன நடக்கும்

கல்லாவில் இரண்டு கேள்விகள் வரும். முதல் கேள்வி 'க்ரெஜிட்டு ஊ டெபிட்டு?' உங்கள் கையில் இருப்பது டெபிட் அட்டையாக இருந்தாலும் 'க்ரெஜிட்டு' என்று சொல்லுங்கள். அங்கே 'டெபிட்டு' என்றால் உள்ளூர் வங்கிக் கணக்கோடு இணைந்த வழி. வெளிநாட்டு அட்டை அதில் அடிக்கடி மறுக்கப்படும். அதே அட்டை 'க்ரெஜிட்டு' என்று போட்டால் சரியாகப் போகும். இயந்திரம் உங்கள் ஊர் நாணயத்தில் கட்டலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று ரெயாலையே தேர்ந்தெடுங்கள்; மாற்றுவிகிதத்தைக் கடையின் பக்கம் நிர்ணயித்தால் அது உங்களுக்கு நட்டம்தான். இந்திய வங்கி அட்டை என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவைக்க வேண்டும், 'தட்டிக் கட்டும்' வசதியைத் தனியாக. பயணத்துக்கு என்று டாலர் ஏற்றிய அட்டை எடுத்துப் போகிறவர்கள், டாலரிலிருந்து ரெயாலுக்கு மாறும்போது இன்னொரு கட்டணம் பிடிக்கப்படுமா என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி 'செ-பெ-எஃபி நா நோட்டா?' நாட்டவரின் வரி எண்ணை ரசீதில் சேர்க்கலாமா என்பது இதன் பொருள். உங்களிடம் அந்த எண் இருக்காது. 'நாவ்ங், ஒப்ரிகாடு' என்றால் போதும். பெண்கள் 'ஒப்ரிகாடா' என்பார்கள். கடையில் வாங்க அந்த எண் தேவையில்லை. இணையக் கடைகளில் அது இல்லாமல் பதிவே செய்ய முடியாமல் போகும். அதனால் ஓட்டலுக்குப் பொருள் வரவழைக்கலாம் என்ற திட்டத்தை நம்பி இருக்காதீர்கள்.

'பிக்ஸ்' என்ற சொல் எல்லாக் கடைகளிலும் ஒட்டியிருக்கும். 2020 நவம்பரில் பிரேசில் மத்திய வங்கி கொண்டுவந்த உடனடிப் பணப்பரிமாற்றம் அது. தேங்காய் விற்கிறவர் முதல் நகைக்கடை வரை அதில்தான் காசு வாங்குகிறார்கள். நம் யுபிஐ போன்றது என்று சொன்னால் புரியும். ஆனால் உள்ளூர்க் கணக்கு இல்லாத பயணிக்கு நேரடியாகப் பயன்படாது. அப்படியும் அது உங்களுக்கு ஒரு பிடி தருகிறது. 2017-இல் வந்த 13.455-ஆம் எண் சட்டப்படி, கட்டும் முறையைப் பொறுத்துக் கடைக்காரர் வேறு வேறு விலை வைக்கலாம். சீட்டில் 'பிக்ஸ்' விலை குறைவாக எழுதியிருந்தால், ரொக்கமாகத் தந்தால் அதே விலைக்குத் தருவீர்களா என்று கேளுங்கள்: 'நு ஜிஞெய்ரு, தெங் ஜிஸ்கோன்ட்டு?' தனியார் சிறுகடைகளில் 5 முதல் 10 சதவீதம் குறைவது வழக்கம். பெரிய வணிக வளாகத்தில் உள்ள சங்கிலிக் கடைகளில் கேட்டுப் பயனில்லை.

ஆக, ரொக்கம் கொஞ்சம் வேண்டும். இந்திய ரூபாயையோ இலங்கை ரூபாயையோ மாற்றித்தர ஆள் தேடி அலையாதீர்கள். டாலர் அல்லது யூரோ எடுத்துப் போங்கள். நாணயமாற்றுக் கடைக்குக் கடவுச்சீட்டு வேண்டும். பலகையில் உள்ள விகிதத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் 'வலோர் எஃபெட்டிவு டோட்டாவ்' எவ்வளவு என்று கேளுங்கள். வரி, கட்டணம் எல்லாம் சேர்ந்தபின் ஒரு டாலருக்குக் கையில் வரும் உண்மையான தொகை அது. சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. இரண்டு கடைகளை ஒப்பிட அந்த ஓர் எண் போதும். ஏடிஎம் என்றால் வணிக வளாகத்துக்கோ வங்கிக்கோ உள்ளே இருப்பதையே பயன்படுத்துங்கள். இரவு 10 மணிக்குமேல் பல இயந்திரங்கள் சிறுதொகையே தரும், அல்லது தராது. 200 ரெயால் தாள் 2020-இல் வந்தது. அதையும் 100-ஐயும் தெருக்கடையில் நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள். காலையில் ஒரு மருந்துக்கடையிலோ பேரங்காடியிலோ ஏதாவது வாங்கி 100-ஐ உடைத்துக்கொண்டு சந்தைக்குப் போங்கள். சில்லறைக்கு 'ட்ரோக்கு' என்று பெயர். பொருள் மாற்றுவதற்கு 'ட்ரோக்கா'. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கல்லாவில் வரிசை நின்றுவிடும்.

கட்டும் இயந்திரத்துக்கு 'மக்கினீஞா' என்று பெயர். தெருவில் அதைக் கையாளும்போது ஒரே விதி: அட்டையைக் கைமாற்றாதீர்கள், நீங்களே தட்டுங்கள் அல்லது செருகுங்கள். இயந்திரத்தின் திரை உடைந்திருந்தாலோ, மங்கியிருந்தாலோ, விற்பவர் விரலால் மறைத்தாலோ கட்டாதீர்கள். 15,00-க்குப் பதில் 1.500,00 அடிப்பதும், எண்ணை அழுத்தும் நேரத்தில் அட்டையையே மாற்றிக் கொடுத்துவிடுவதும் நகரம் முழுக்கத் தெரிந்த இரண்டு மோசடிகள். அட்டையில் பெயர் பார்த்து வாங்கிக்கொள்வதும், சந்தைக்குப் போகும் நாளில் தட்டிக் கட்டும் வரம்பைச் செயலியில் குறைத்து வைப்பதும் இதற்கு மருந்து.

மொத்தமும் சில்லறையும்

சாவோ பாவுலோவின் உண்மையான கடைத்தெரு நகர மையத்தில் இருக்கிறது. நீலத் தடத்தில் 'சாவோ பென்ட்டு' மெட்ரோ நிலையத்தில் இறங்கி, 'லடெய்ரா போர்ட்டு ஜெராவ்' என்ற சரிவில் கீழே நடந்தால் 'விஞ்சி இ சிங்கு ஜி மார்சு' தெரு. மார்ச் 25 என்று பொருள். பிரேசிலின் முதல் அரசியலமைப்பு வெளியான 1824 மார்ச் 25-இன் நினைவு. சிரியா, லெபனானிலிருந்து வந்தவர்கள் துணியும் ஊசிநூலும் விற்று வளர்த்த தெரு இது. இன்றும் மணி, ரிப்பன், ஜிப், பொத்தான், விழாத்தோரணம், போலி நகை, பொம்மை, பை என்று சிறு பொருள்களுக்கு இதைவிட மலிவான இடம் நகரத்தில் கிடையாது.

இங்கே விலை இரண்டு: 'அட்டகாடு' என்பது மொத்த விலை, 'வரேஜு' என்பது சில்லறை. ஒரே சீட்டில் இரண்டும் இருக்கும். எத்தனை எடுத்தால் மொத்த விலை என்பதும் இருக்கும். சில கடைகளில் 3, சிலவற்றில் 6, சிலவற்றில் ஒரு டஜன். ஒரே மாதிரியில் ஆறா, கடையில் எதை எடுத்தாலும் மொத்தம் ஆறா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டாவது வகை என்றால் உங்களுக்கு வசதி: நான்கு விதப் பையும் இரண்டு தொப்பியும் சேர்த்து மொத்த விலைக்கு எடுத்துவிடலாம். சில கடைகள் ஒரு குறைந்தபட்சத் தொகையை வைத்திருக்கும். நிறுவனப் பதிவு எண் இருந்தால்தான் விற்பேன் என்கிற கடையும் உண்டு. அங்கே வாதாடாமல் அடுத்த கடைக்குப் போய்விடலாம், அதே பொருள் இருக்கும். 'சென்ட்டு' என்றால் நூறு எண்ணிக்கை, 'மிலியெய்ரு' என்றால் ஆயிரம். மணிக்கடையில் 8,00 என்று எழுதியிருப்பது ஒரு சரத்துக்கா, ஒரு பொட்டலத்துக்கா, நூறு கிராமுக்கா என்பதைப் பையில் போடும் முன் கேளுங்கள்.

பழைய ஊசிநூல் கடைகளில் வாங்கும் முறை மூன்று படி. விற்பனையாளர் எடுத்து வைத்து ஒரு துண்டுச்சீட்டு தருவார். அதைக் கொண்டுபோய் 'காய்ஷா' என்று எழுதியிருக்கும் கல்லாவில் கட்ட வேண்டும். முத்திரை பதித்த சீட்டோடு மூன்றாவது மேசைக்குப் போனால் பொட்டலம் கிடைக்கும். பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கல்லாவுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். கல்லாவில் 'உங்களைக் கவனித்தது யார்' என்று கேட்பார்கள்; விற்பனையாளருக்குத் தரகு அதை வைத்துத்தான். உதவியவரின் பெயரைக் கேட்டு வைத்திருந்து சொல்வது நியாயம்.

பேரம் உண்டா என்றால், அளவாக உண்டு. பாதி விலையில் தொடங்கி இழுக்கும் வழக்கம் இங்கே இல்லை. அப்படிக் கேட்டால் விற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதலில் 'போங் ஜியா' சொல்லி, பிறகு 'லெவாந்து ட்ரேஸ், ஃபாஸ் போர் குவான்ட்டு?' என்று கேளுங்கள்: மூன்று எடுத்தால் என்ன விலைக்குத் தருவீர்கள்? எண்ணிக்கையை வைத்துக் கேட்பதை எல்லாரும் மதிக்கிறார்கள். சும்மா பார்க்கிறேன் என்பதற்கு 'சோ ஒலியாந்து'.

நேரம் முக்கியம். காலை 8 மணி வாக்கில் கடைகள் திறக்கும். 10 மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது நல்லது. சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு கடைகள் ஒவ்வொன்றாக மூடும், ஞாயிறு பெரும்பாலும் கதவடைப்பு. டிசம்பர் முழுக்கவும், கார்னிவலுக்கு முந்தைய வாரங்களிலும், ஜூன் விழாவுக்கு முன்பும் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் முகமூடி, மினுக்குத்தூள், கார்னிவல் உடை வேண்டுமென்றால் அந்த வாரங்களில்தான் வகைவகையாக இருக்கும். ஜூன் விழாவின் கட்டம்போட்ட சட்டையும் வைக்கோல் தொப்பியும் காகிதக் கொடியும் மே மாதத்திலேயே வந்துவிடும்.

நடைபாதையில் விரிப்பு விரித்து விற்கிறவர்களுக்கு 'கமெலோ' என்று பெயர். அவர்களிடம் குடையோ தண்ணீர்ப் புட்டியோ வாங்கலாம். கால்பந்துச் சட்டையும் கைக்கடிகாரமும் நினைவட்டையும் வேண்டாம். 'ப்ரிமெய்ரா லீஞா' என்று சொல்லி விற்கும் சட்டை உயர்தரப் போலி என்று விற்பவரே ஒப்புக்கொள்வதாகத்தான் பொருள். நினைவட்டையில் எழுதியிருக்கும் கொள்ளளவு பொய்யாக இருக்கும். நிரம்பும்போதுதான் தெரியும், அதற்குள் படங்கள் போயிருக்கும்.

உடைக்கு 'பிராஸ்' வட்டாரமும் 'போங் ஹெச்சீரு' வட்டாரமும். பிராஸ் சிவப்புத் தடத்தில்; அங்கே விடியற்காலைச் சந்தை ஒன்று நள்ளிரவு தாண்டியதும் தொடங்கி, வெளியூர்ச் சிறுவியாபாரிகள் பேருந்து பேருந்தாக வந்து மூட்டை கட்டிக்கொண்டு போகிற இடம். ஒன்றிரண்டு சட்டைக்கு வருகிற பயணிக்கு அது ஏற்றதல்ல: போட்டுப் பார்க்கும் அறை பல கடைகளில் இருக்காது, மாற்றித் தரவும் மாட்டார்கள். போங் ஹெச்சீருவில் 'ஜோசே பவுலீனு' தெரு கொஞ்சம் நிதானமானது. முன்பு யூதக் குடும்பங்கள் நடத்திய தையல் தொழிலைப் பிறகு கொரியக் குடும்பங்கள் எடுத்து நடத்துகின்றன. தையல் தரமும் சற்று மேல். பின்னல் துணியை மீட்டருக்கு இல்லாமல் கிலோவுக்கு விற்கும் கடைகள் இந்த வட்டாரங்களில் உண்டு. கிலோவுக்கு எத்தனை மீட்டர் வரும் என்று கேட்டால் சொல்வார்கள். துணி கனமானால் மீட்டர் குறையும்.

இந்த இடங்களிலெல்லாம் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வதுதான் ஊர் வழக்கம். உள்ளூர்க்காரர்களைப் பார்த்தாலே தெரியும். செல்பேசியில் வழி பார்க்க வேண்டுமானால் ஒரு கடைக்குள் ஏறி நின்று பாருங்கள். சாலையோரத்தில் கையில் பிடித்திருப்பதை மிதிவண்டியில் வந்து பறித்துக்கொண்டு போவது இந்த நகரத்தின் பெருந்தொல்லை. மின்னணுப் பொருள் விற்கும் 'சாண்டா இஃபிஜேனியா' தெருவிலும் லூஸ் நிலையத்தைச் சுற்றியும் கடை மூடியபின் நடக்க வேண்டாம்.

அளவும் மின்னழுத்தமும்

மின்சாதனம் வாங்கும் ஆசை வந்தால் முதலில் பெட்டியில் ஒரு சொல்லைத் தேடுங்கள்: 'பைவோல்ட்', அதாவது இரண்டு மின்னழுத்தத்திலும் ஓடுவது. சாவோ பாவுலோ நகரில் மின்சாரம் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ரெசிஃபி, ஃபோர்தலேசா, பிரேசிலியா போன்ற நகரங்களில் 220. அதனால் ஒரே காபி இயந்திரத்தை இரண்டு வகையாகச் செய்து விற்கிறார்கள். 127 என்று எழுதியிருப்பதை ஊருக்குக் கொண்டுவந்து 230 வோல்ட்டில் செருகினால், சூடேற்றும் கம்பி மூன்று மடங்குக்கு மேல் மின்திறனை இழுத்து எரிந்துவிடும். மாறாக, நீங்கள் எடுத்துப் போகும் 1500 வாட் கெட்டில் அங்கே ஏறத்தாழ 460 வாட்தான் தரும். கெட்டுப்போகாது, தண்ணீர் கொதிக்க வெகுநேரம் ஆகும். செல்பேசி, மடிக்கணினி மின்னேற்றிகளில் 100 முதல் 240 என்று எழுதியிருக்கும், கவலை இல்லை. அங்கே உள்ள மூன்று துளைப் பொருத்தியில் நம் ஊர் மெல்லிய இருமுனைச் செருகி பொதுவாக நுழையும்; மூன்று முனைச் செருகி நுழையாது. செல்பேசி, புகைப்படக் கருவி போன்றவற்றை அங்கே வாங்காதீர்கள்: வரிச்சுமையால் விலை நம் ஊரைவிட அதிகம்.

காலணியில் பிரேசில் எண் ஐரோப்பிய எண்ணைவிட இரண்டு குறைவு. நம் ஊரில் 8 போடுகிறவருக்கு ஐரோப்பாவில் 42, பிரேசிலில் 40. செருப்புக் கடைப் பலகையில் 'சபாட்டுஸ்' என்று பார்த்தால் ஈழத்தமிழர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். சப்பாத்து என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். துணிக்கடையில் 'காமா, மேசா இ பாஞு' என்ற பகுதியில் படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் துவாலையும் இருக்கும். நம் மேசையும் அதே போர்த்துகீசியச் சொல். சட்டை அளவில் 'பி' சிறியது, 'எம்' நடுத்தரம், 'ஜி' பெரியது, 'ஜிஜி' அதற்கும் மேல். 'எல்' என்று தேடினால் கிடைக்காது.

ரப்பர் செருப்பில் 'ஹவாயானாஸ்' 1962 முதல் வருகிறது. இரண்டு எண் சேர்த்து 39/40, 41/42 என்று விற்பார்கள். 'ஆஸ்கார் ஃப்ரெய்ரி' தெருவில் பெரிய காட்சிக்கடை இருக்கிறது. வகை பார்க்க அங்கே போங்கள். வெள்ளை அடியும் வண்ண வாருமாக இருக்கும் சாதாரண மாதிரியைப் பேரங்காடியில் வாங்கினால் விலை குறைவு. விமான நிலையத்தில் வாங்காதீர்கள். மேல்தளத்தில் அரிசிமணி போன்ற வரிவடிவம் துல்லியமாக இருக்க வேண்டும். ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறினால் போலி.

பெட்டியில் என்ன வைக்கலாம்

காபிதான் முதல். பேரங்காடியில் அடுக்கியிருக்கும் 500 கிராம் பொட்டலத்தில் 'எக்ஸ்ட்ரா ஃபோர்ச்சி', 'ட்ராஜிசியொனாவ்' என்றிருப்பவை கருக வறுத்தவை, கசப்பே மேலோங்கும். 'கூர்மே' அல்லது 'எஸ்பெசியாவ்' என்றும், '100 சதவீதம் அராபிகா' என்றும் எழுதியிருப்பதை எடுங்கள். காலாவதித் தேதியைவிட 'டாட்டா ஜி டோஹா' என்னும் வறுத்த தேதிதான் முக்கியம். அதை அச்சிட்டிருக்கும் பொட்டலமே நல்ல காபிக்கு முதல் அடையாளம். செஹாடு மினெய்ரு, சூல் ஜி மினாஸ், மொஜியானா என்ற வட்டாரப் பெயர்களைப் பார்த்து வாங்கலாம். காபிக் கடையில் அரைத்துத் தருவார்கள்; எதில் போடுவீர்கள் என்று கேட்டால் 'கொவாடோர்' என்னும் துணிவடிகட்டிக்கான பக்குவத்தைச் சொல்லுங்கள், நம் பித்தளை ஃபில்டருக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும். சிக்கரி இல்லாததால் டிகாக்‌ஷன் வேகமாக இறங்கி நீர்த்து நிற்கும். தூளைக் கால் பங்கு கூட்டி, நன்றாக அமுக்கிவிட்டு வெந்நீர் ஊற்ற வேண்டும். வறுக்காத பச்சைக் கொட்டையை எடுத்து வராதீர்கள்; விதை என்று சுங்கத்தில் நிறுத்துவார்கள்.

முந்திரி பிரேசிலின் வடகிழக்கிலிருந்து போர்த்துகீசியர் நமக்குக் கொண்டுவந்த மரம். ஊரிலேயே கிடைப்பதைச் சுமக்க வேண்டாம். 'கஸ்தாஞா து பரா' என்னும் அமேசான் காட்டுப் பருப்பை வாங்குங்கள். எண்ணெய் மிகுந்தது, காற்றுப்பட்டால் சீக்கிரம் காறும். திறந்த சாக்கிலிருந்து அளந்து தருவதை விட்டு, காற்று நீக்கி அடைத்த பொட்டலமாக எடுங்கள். கொய்யாப்பழக் கட்டியும் 'டோசி ஜி லெய்ச்சி' என்னும் பால்பாகும் சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும். கைப்பையில் வைத்தால் திரவப் பண்டம் என்று பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

பழம் வாங்கப் பலரும் 1933-இல் திறந்த நகராட்சிச் சந்தைக்குப் போகிறார்கள். வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்காகவே அந்தக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் பயணிகள் கூடும் எந்தப் பழக்கடையிலும் ஒரு கண்ணி உண்டு. துண்டு துண்டாகச் சுவைக்கக் கொடுப்பார்கள். நன்றாக இருக்கிறது என்றதும் ஒரு தட்டில் நிரப்பி எடைபோட்டு நூற்றுக்கணக்கான ரெயால் சொல்வார்கள். பலகையில் எழுதியிருந்தது நூறு கிராம் விலை, நீங்கள் படித்தது கிலோ விலை. வாயில் வைக்கும் முன் 'குவான்ட்டு எ உ கீலு?' என்று கேளுங்கள். எடை போட்டபின்பும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, சொல்லிவிட்டு நகருங்கள்.

கல் வாங்குகிறவர்கள் 'ப்ராசா தா ஹெபூப்ளிகா' சதுக்கத்தின் வார இறுதிச் சந்தைக்குப் போகலாம். செவ்வந்திக்கல் தென்கோடி மாநிலத்திலிருந்து வருகிறது, நியாயமான விலை. பளீரென்ற இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் இருக்கும் அகேட் வில்லைகள் சாயம் ஏற்றியவை. அலங்காரத்துக்குச் சரி, இயற்கை நிறம் என்று விலை கொடுக்காதீர்கள். ஆழ்ந்த ஆரஞ்சு நிறச் சிட்ரின் பெரும்பாலும் சூடாக்கிய செவ்வந்திக்கல்தான். விலையுயர்ந்த கல்லைச் சான்றிதழ் தராத மேசையில் வாங்கவே வேண்டாம். டொகன்டின்ஸ் மாநிலத்தின் 'கப்பீங் டோராடு' என்னும் பொற்புல்லில் பின்னிய தோடும் கூடையும் எடையே இல்லாமல் பெட்டியில் அடங்கும். நமக்குப் பிடித்த பொருள் இது. பறவை இறகு கோத்த அணிகளையும் பட்டாம்பூச்சிச் சிறகு ஒட்டிய தட்டுகளையும் தொடாதீர்கள். 1998-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் குற்றச் சட்டத்தில் சிக்கும், விமான நிலையத்தில் பறிபோகும்.

அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றித்தரக் கடைக்குச் சட்டக் கடமை இல்லை; தருகிறவர்கள் தங்கள் விருப்பத்தால் தருகிறார்கள், பொருளில் தொங்கும் விலைச்சீட்டை அறுக்காமல் ரசீதோடு போக வேண்டும். குறைபாடு இருந்தால் கதை வேறு: 1990-இன் நுகர்வோர் சட்டப்படி நீடித்து உழைக்கும் பொருளுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 30 நாள்வரை முறையிடலாம். அலமாரியில் ஒரு விலையும் கல்லாவில் கூடுதல் விலையும் வந்தால் குறைந்ததே செல்லும். அந்தச் சட்டத்தின் பிரதி ஒவ்வொரு கடையிலும் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

நேரத்தால் மாறும் விலையைப் பார்க்க வாரச்சந்தைக்குப் போக வேண்டும். 'ஃபெய்ரா லிவ்ரி' என்னும் தெருச்சந்தை 1914 முதல் இந்த நகரத்தில் நடக்கிறது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் வாரத்தில் ஒரு நாள், ஒரு தெருவை அடைத்துக்கொண்டு. ஓட்டலில் கேட்டால் எந்தத் தெரு, எந்த நாள் என்று சொல்வார்கள். காலை 7 மணிக்குப் போனால் நல்ல பழம், முழு விலை. பன்னிரண்டரைக்கு மேல் 'ஷேப்பா': கூடைகளைக் காலிசெய்யும் நேரம். மாம்பழமும் பப்பாளியும் ஒரு தட்டு விலையில் இரண்டு தட்டு கிடைக்கும். இன்றே சாப்பிட வேண்டிய பழமாக இருக்கும், பயணிக்கு அது போதுமே. தட்டின் அடியில் நசுங்கியது இருக்கிறதா என்று ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, சந்தையின் கடைசியில் நிற்கும் வண்டிக்குப் போங்கள். மெல்லிய மாவுக்குள் பாலாடைக்கட்டி வைத்து எண்ணெயில் பொரித்த 'பஸ்தெல்' ஒன்றும், எலுமிச்சை பிழிந்த கரும்புச்சாறு ஒரு குவளையும். அங்கே மட்டும் விலை காலையிலும் மதியத்திலும் ஒன்றுதான்.